வேன்கோமைசின் டோஸ் அட்டவணையை ஜெனடிக் அல்காரிதம் எழுதலாமா?

மருந்துப்பெட்டி

எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி) தொற்று என்று சந்தேகம் வந்தாலே கை போகிற மருந்து வேன்கோமைசின். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1958-ல். இத்தனை வருடமாகியும் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. அடுத்த டோஸுக்கு முன் எடுக்கும் டிரஃப் அளவு லிட்டருக்கு 15 முதல் 20 மி.கி. இருக்கட்டும் என்றது 2009-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி. 2020-ல் அதைத் திருத்தினார்கள். தீவிர எம்ஆர்எஸ்ஏ தொற்றில் டிரஃபை மட்டும் நம்ப வேண்டாம், 24 மணி நேர ஏயூசி 400-லிருந்து 600-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார்கள். ஏயூசி என்பது மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது இரண்டையும் சேர்த்த கணக்கு. குறைந்தால் கிருமி தப்பிக்கும், கூடினால் சிறுநீரகம் அடிவாங்கும்.

நம் ஊரில் நடப்பது என்ன? பெரியவர் என்றால் 1 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். இதை இரண்டு கற்பனை நோயாளிகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 25 வயது, 70 கிலோ, கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும்) 0.8. இன்னொருவர் 70 வயது, 50 கிலோ, கிரியாட்டினின் 1.0. காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி முதலாமவரின் கிரியாட்டினின் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் அதை வெளியேற்றும் வேகம், நிமிடத்துக்கு 140 மி.லி., இரண்டாமவருக்கு 49. அதை வேன்கோமைசின் கிளியரன்ஸாக மாற்ற மாட்ஸ்கேயின் 1984 சமன்பாடு இருக்கிறது. கணக்குப் போட்டால் இளைஞருக்கு ஏயூசி சுமார் 330, முதியவருக்கு சுமார் 900. ஒரே டோஸ். ஒருவருக்குப் போதவில்லை, இன்னொருவருக்கு ஒன்றரை மடங்கு அதிகம். இத்தனைக்கும் முதியவரின் லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் "நார்மல்" என்றுதான் அச்சாகி வரும்.

ஆகவே எடை, சிறுநீரகச் செயல்பாடு இரண்டையும் பார்த்து டோஸ் சொல்கிற அட்டவணை தேவை. இதுவரை அப்படிப்பட்ட அட்டவணைகளை நிபுணர்கள் உட்கார்ந்து, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் அனுபவம், கொஞ்சம் சமரசம் என்று எழுதினார்கள். 2020-ல் நெதர்லாந்தில் உள்ள குரோனிங்கனின் பீட்டர் கோலின், டக்ளஸ் எலிவெல்ட், கிளாஸ்கோவின் அலிசன் தாம்சன் மூவரும் வேறு வழியில் போனார்கள். பெரியவர்களுக்கான வேன்கோமைசின் அட்டவணையை ஜெனடிக் அல்காரிதத்தை வைத்துத் தேடி எடுத்தார்கள். (மயக்க மருந்துக்காரர்களுக்கு எலிவெல்ட் பெயர் தெரிந்திருக்கும், புரோபோஃபால் மாடலில் வருகிற அதே எலிவெல்ட்.)

என் கேள்வி: இப்படி வந்த ஒரு அட்டவணையை உங்கள் வார்டு சுவரில் ஒட்டுவீர்களா?

ஐசியூ_ஆந்தை

ஒட்ட மாட்டேன் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

வழிகாட்டியே பேயீசியன் மென்பொருளைப் பரிந்துரைக்கிறதே. ஒன்றிரண்டு ரத்த அளவு கொடுத்தால் அந்த நோயாளிக்கான டோஸை அதுவே சொல்லிவிடும். அப்படியிருக்க அட்டவணை எதற்கு? அட்டவணை என்பது எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது.

இதை எழுதும்போதே மறுபக்கமும் தெரிகிறது. வேன்கோமைசின் அளவு பார்க்கும் வசதி பல மருத்துவமனைகளில் கிடையாது. வெளி லேபுக்கு அனுப்பினால் ரிப்போர்ட் வருவதற்குள் நாலு டோஸ் போயிருக்கும். செப்சிஸில் (தொற்று முற்றி உறுப்புகள் பாதிக்கப்படும் நிலையில்) முதல் நாள்தான் முக்கியம், அந்த முதல் நாளுக்கு ரத்த அளவு என்று ஒன்று இருக்கவே இருக்காது. மென்பொருள் வைத்திருப்பவர்களும் முதல் டோஸை ஏதோ ஒரு கணக்கில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எனவே என் நிலைப்பாடு: ஆரம்ப டோஸுக்கு அட்டவணை சரி. அதை ஒரு நிரல் எழுதியது என்பதற்காக எனக்கு மரியாதை அதிகமாகாது, குறையவும் குறையாது. யாரை வைத்து எழுதியது என்பதுதான் கேள்வி.

டீக்கடை_பெஞ்ச்

ஜெனடிக் அல்காரிதம் என்றால் நோயாளியின் டிஎன்ஏ பார்த்து டோஸ் சொல்வதுதானே? அந்த டெஸ்ட்டுக்கு யார் பணம் கட்டுவது?

நிரலன்

இல்லை பெஞ்ச், நோயாளியின் மரபணுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) மாதிரி மருந்துகளில் நீங்கள் சொல்வது நடக்கிறது, அது வேறு கதை. இங்கே "மரபணு" இருப்பது அட்டவணைக்கு.

ஜான் ஹாலண்ட் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளர்த்து 1975-ல் புத்தகமாகக் கொடுத்த யோசனை இது. டோஸ் அட்டவணைக்குப் பொருத்திச் சொல்கிறேன். ஒரு அட்டவணையை ஒரு நீளமான எண் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: முதல் கட்டத்தில் 750 மி.கி. 12 மணிக்கு ஒருமுறை, அடுத்ததில் 1000 மி.கி. 12 மணிக்கு ஒருமுறை என்று வரிசையாக. அந்த வரிசைதான் குரோமோசோம். கண்ணை மூடிக்கொண்டு இப்படி இருநூறு அட்டவணைகளை உருவாக்குங்கள். பெரும்பாலும் அபத்தமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இப்போது கணினிக்குள் ஆயிரக்கணக்கில் கற்பனை நோயாளிகளை வைத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் வயது, எடை, கிரியாட்டினின், அப்புறம் அவருக்கே உரிய ஒரு கிளியரன்ஸ். ஒவ்வொரு அட்டவணையையும் இவர்கள் எல்லார் மீதும் ஓட்டி, எத்தனை பேருக்கு ஏயூசி 400–600 கிடைத்தது என்று மதிப்பெண் போடுகிறோம். நல்ல மதிப்பெண் வாங்கிய அட்டவணைகளை ஜோடி சேர்த்து, ஒன்றின் மேல்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் ஒட்டி அடுத்த தலைமுறையை உண்டாக்குகிறோம். அங்கங்கே ஓர் எண்ணைச் சும்மா மாற்றிவிடுகிறோம், அது சடுதி மாற்றம். திரும்ப மதிப்பெண், திரும்பக் கலப்பு. சில நூறு தலைமுறை போனால் அபத்தங்கள் உதிர்ந்து, உருப்படியான அட்டவணைகள் மிஞ்சும்.

மருத்துவத்தில் இது புதிதும் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில், ராபர்ட் கோர்டன் பல்கலைக்கழகத்தில், ஜான் மெக்காலும் ஆண்ட்ரி பெட்ரோவ்ஸ்கியும் 1990-களின் இறுதியிலேயே கீமோதெரபி டோஸ் வரிசைகளை இப்படித் தேடினார்கள்.

ஐசியூ டாக்டருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அல்காரிதம் வார்டுக்குள் வருவதே இல்லை. வருவது ஒரு தாள். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் நீங்கள் கால்குலேட்டரில் சரிபார்க்கலாம். எப்படி வந்தது என்று தெரியாத பதிலைத் தருகிற கருவியோடு இதைச் சேர்க்காதீர்கள்.

கணக்குப்புலி

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்குக்கு ஜெனடிக் அல்காரிதம் எதற்கு என்று யாருமே கேட்கவில்லையே.

டோஸ் 250-லிருந்து 3000 வரை 250 மி.கி. படிகளில் 12 வாய்ப்பு. இடைவெளி 8, 12, 24, 48 மணி என்று 4 வாய்ப்பு. ஆக ஒரு கட்டத்துக்கு 48. சிறுநீரகச் செயல்பாட்டுக்கு 6 பட்டை (இத்தனையிலிருந்து இத்தனை வரை என்ற வரம்பு), எடைக்கு 5 பட்டை என்றால் 30 கட்டம். மொத்த அட்டவணைகள் 48-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 1-க்குப் பின்னால் 50 பூஜ்யம். இந்த எண்ணைக் காட்டித்தான் "முழுவதும் எண்ணிப் பார்க்க முடியாது, பரிணாம முறைதான் வழி" என்று பயமுறுத்துவார்கள்.

ஆனால் ஒரு நோயாளி ஒரே ஒரு கட்டத்தில்தான் விழுகிறார். பட்டைகளின் எல்லை நிலையாக இருந்தால் ஒரு கட்டத்தின் டோஸ் இன்னொரு கட்டத்தின் நோயாளியைத் தொடாது. 30 கட்டத்தையும் தனித்தனியாகத் தீர்க்கலாம். 48 × 30 = 1440 முறை மதிப்பெண் போட்டால் போதும், மிகச் சிறந்த விடை கையில். பரிணாமமும் வேண்டாம், தலைமுறையும் வேண்டாம்.

"எல்லைகளையும் நகர்த்த வேண்டும்" என்று அடுத்து சொல்வீர்கள். சரி, நகர்த்துவோம். கிளியரன்ஸ் எல்லைகளை 20 முதல் 140 வரை பத்துப் பத்தாக உள்ள 13 எண்களிலிருந்து ஐந்து தேர்ந்தெடுக்க 1287 வழி. எடை எல்லைகளை 40 முதல் 95 வரை ஐந்தைந்தாக உள்ள 12 எண்களிலிருந்து நான்கு தேர்ந்தெடுக்க 495 வழி. பெருக்கினால் 6,37,065. ஒவ்வொன்றிலும் கட்டங்கள் தனித்தனியாகத் தீரும். என் லேப்டாப்பே முழுக்க எண்ணி முடித்துவிடும், அதுவும் "இதைவிட நல்லது இல்லை" என்ற உத்தரவாதத்தோடு. அந்த உத்தரவாதத்தை ஜெனடிக் அல்காரிதம் தராது. எல்லாக் கணக்குக்கும் சிறந்தது என்று ஒரு தேடல் முறை கிடையாது என்பதை வோல்பர்ட்டும் மெக்ரெடியும் 1997-லேயே நிரூபித்துவிட்டார்கள்.

நிரலன்

கட்டங்கள் தனித்தனியாகப் பிரியும் வரைக்கும் நீங்கள் சொல்வது அப்படியே பொருந்தும். ஆனால் வார்டில் ஒட்டுகிற அட்டவணையில் கட்டங்கள் பிரிந்து நிற்பதில்லையே.

தனித்தனியாகத் தீர்த்தால் 60–70 கிலோவுக்கு 1250, 70–80 கிலோவுக்கு 1000, 80–90-க்கு மறுபடி 1250 என்று வரக்கூடும். கற்பனை நோயாளிகளின் சில்லறை வேறுபாட்டால் வருகிற அபத்தம் இது. பார்க்கிறவருக்கு அச்சுப்பிழை போலத் தெரியும், அட்டவணை மீதே நம்பிக்கை போய்விடும். எடை ஏற டோஸ் குறையக்கூடாது என்று நிபந்தனை போட்டால் பக்கத்துக் கட்டங்கள் பிணைந்துவிடும். மொத்தத்தில் ஆறு வகை டோஸ்தான் இருக்கலாம் என்றால் எல்லாக் கட்டமும் பிணைந்துவிடும். முதலில் கொடுக்கும் லோடிங் டோஸையும் சேர்த்து, முதல் 24 மணி நேர ஏயூசியும் மூன்றாம் நாள் ஏயூசியும் வரம்புக்குள் வரவேண்டும் என்றால் இன்னும் சிக்கல். "65 வயதுக்கு மேற்பட்டவர்களில் இத்தனை சதவீதத்துக்கு மேல் 600-ஐத் தாண்டக் கூடாது" என்றால் அந்த வயதுக்காரர்கள் எல்லாக் கட்டங்களிலும் சிதறிக் கிடப்பார்கள்.

நீங்கள் முழு எண் நிரலாக்கம் (நிபந்தனைகளைச் சமன்பாடுகளாக எழுதி, முழு எண்களில் சிறந்த விடை தேடும் கணித முறை) கொண்டு இதையும் தீர்ப்பீர்கள், தெரியும். ஆனால் ஒவ்வொரு புது நிபந்தனைக்கும் சமன்பாட்டைத் திருத்தி எழுத வேண்டும். ஜெனடிக் அல்காரிதத்தில் மதிப்பெண் போடும் பகுதியில் நாலு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. மருத்துவர்களோடு உட்கார்ந்து "இதையும் சேர், அதையும் சேர்" என்று வேலை செய்யும்போது அந்தச் சௌகரியம் பெரிது.

கணக்குப்புலி

சௌகரியம் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். அவசியம் என்று சொன்னால்தான் சண்டை.

இன்னொன்று, இது எந்த முறைக்கும் பொருந்தும். வயது, எடை, கிரியாட்டினின் எல்லாம் ஒன்றாக இருக்கிற இருவருக்குக்கூட வேன்கோமைசின் கிளியரன்ஸ் ஒன்றாக இருக்காது. அந்த எஞ்சிய வேறுபாடு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், இந்த மருந்துக்கு அது மிகையான அனுமானம் இல்லை. லாக்நார்மல் பரவல் (மேல்பக்கம் நீண்ட வால் உள்ள பரவல்) என்று எடுத்து, நடு ஆளுக்கு ஏயூசி சரியாக 490 வரும்படி டோஸ் கொடுத்தால், 400–600-க்குள் விழுபவர்கள் 51 சதவீதம். இதுதான் உச்சவரம்பு. எந்த அல்காரிதம் வந்தாலும், எத்தனை கட்டம் போட்டாலும் இதைத் தாண்ட முடியாது.

அதற்காக அட்டவணை வீண் என்று நான் சொல்லவில்லை. கிளியரன்ஸ் 60 உள்ளவருக்கு 1 கிராம் 12 மணிக்கு ஒருமுறை கொடுத்தால் நடு ஆளுக்கு ஏயூசி 740. அவர்களில் வரம்புக்குள் வருபவர்கள் 22 சதவீதம்தான், நான்கில் மூன்று பேர் 600-க்கு மேலே நிற்பார்கள். 22-ஐ 50-க்குக் கொண்டுபோவது பெரிய லாபம். 50-ஐ 51 ஆக்க இருபது கட்டம் கூட்டுவது வெட்டி வேலை. எவ்வளவு எளிய அட்டவணை அந்த 50-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று தேடுவதில்தான் எனக்கு ஆர்வம்.

மருந்துப்பெட்டி

அதனால்தான் ஆரம்ப டோஸ் அட்டவணை, அதற்குப் பின் ரத்த அளவு பார்த்துத் திருத்துவது என்று இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். அளவு பார்க்க வசதி இல்லாத இடத்தில் பாதிப்பேர் வரம்புக்கு வெளியே இருப்பார்கள் என்பதை அட்டவணையின் அடியிலேயே அச்சிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாழ்_வைத்தியர்

எல்லாரும் எப்படித் தேடுவது என்றே கதைக்கிறீர்கள். எதைத் தேடுவது என்று ஒருவரும் கதைக்கவில்லை.

வரம்புக்குள் இருந்தால் 1, வெளியே என்றால் 0. இந்த மதிப்பெண்ணில் 395-உம் 150-உம் ஒன்று. 610-உம் 1200-உம் ஒன்று. எந்த வைத்தியர் இதை ஏற்பார்? 490-இலிருந்து எவ்வளவு விலகல் என்பதை வர்க்கம் எடுத்துக் கூட்டினாலோ, மேலே போன ஓரிரு பேர் மொத்த மதிப்பெண்ணையும் இழுத்துக்கொள்வர். அவர்களுக்குப் பயந்து அட்டவணை முழுதும் டோஸைக் குறைக்கும். விகிதத்தில் பார்த்தால் பாதியும் இரட்டிப்பும் சம குற்றம் ஆகும். மூன்றும் மூன்று வெவ்வேறு அட்டவணைகளைத் தரும். மூன்றையும் அதே அல்காரிதம்தான் தந்திருக்கும்.

பாதியும் இரட்டிப்பும் சம குற்றமா? இரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ வளர்ந்து, இதய வால்வில் தொற்றுள்ள நோயாளருக்குக் குறைந்த டோஸ் உயிரை எடுக்கும். தோலில் சீழ்க்கட்டி, ஏற்கெனவே சிறுநீரகம் நலிந்த முதியவருக்கு அதிக டோஸ்தான் பயம். இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் முறை என்றால் யாருக்கு அநியாயம் செய்வது என்பதை நிரல் எழுதுபவரிடம் விட்டுவிட்டோம் என்றுதான் பொருள்.

ஒற்றை மதிப்பெண் வேண்டாம், இரண்டு நோக்கங்களையும் தனியே வைத்துத் தேடுங்கள் என்பதற்கும் பரிணாம முறைகளில் வழி இருக்கிறது. கல்யாண்மய் தேபும் அவரது மாணவர்களும் ஐஐடி கான்பூரிலிருந்து 2002-இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 அதற்குத்தான். குறைந்த டோஸ் ஆபத்து ஒரு அச்சில், கூடிய டோஸ் ஆபத்து மறு அச்சில். ஒன்றைக் கெடுக்காமல் மற்றதை மேம்படுத்த முடியாத அட்டவணைகளின் வரிசை கிடைக்கும். அந்த வரிசையில் எதை எடுப்பது என்பதை வைத்தியசாலைக் குழு கூடி முடிவெடுக்கட்டும். நான் இந்த இழையில் முழு மனதோடு ஓம் சொல்வது இதற்குத்தான். கணக்குப்புலி ஐயா, ஒரே ஓட்டத்தில் இந்த வரிசை கிடைப்பது உங்கள் எண்ணிப் பார்க்கும் முறையில் சுலபமா?

கணக்குப்புலி

இரண்டு ஆபத்துக்கும் தரும் முக்கியத்துவ விகிதத்தை மாற்றி மாற்றி இருபது தடவை ஓட்டினால் ஏறக்குறைய கிடைக்கும், சில புள்ளிகள் விட்டுப்போகும். இந்த ஓர் இடத்தில் என்எஸ்ஜிஏ-2 வசதியானது, சரி.

நெஞ்சகம்

காசநோய்த் திட்டத்தில் வேலை. வேன்கோமைசினில் எனக்கு அனுபவம் குறைவு, ஆனால் பட்டை எல்லை என்ன செய்யும் என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

தேசியத் திட்டத்தில் பெரியவர்களுக்கான நாலு மருந்து கூட்டு மாத்திரை ஒன்றில் ரிஃபாம்பிசின் 150 மி.கி. 25–34 கிலோவுக்கு 2 மாத்திரை, 35–49-க்கு 3, 50–64-க்கு 4, 65–75-க்கு 5, அதற்கு மேல் 6. கிலோவுக்கு 10 மி.கி., அதாவது 8-லிருந்து 12-க்குள் என்பது வழக்கமான இலக்கு. 34 கிலோ ஆளுக்கு 300 மி.கி., கிலோவுக்கு 8.8. ஒரு கிலோ கூடி 35 ஆனால் 450 மி.கி., கிலோவுக்கு 12.9. 49 கிலோவில் 9.2, 50-ல் 12. ஒரு சாப்பாட்டுக்கும் இன்னொரு சாப்பாட்டுக்கும் நடுவில் எடை பார்த்தால் பட்டை மாறிவிடும் என்று நாங்கள் சிரிப்பதுண்டு.

இதற்காகத் திட்டத்தைக் குறை சொல்லவில்லை. மாத்திரையை உடைக்காமல், ஒரு கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் தப்பில்லாமல் கொடுக்கும்படி இருக்க வேண்டும் என்றால் படிகள் இருக்கத்தான் செய்யும். படி எங்கே இருக்கலாம் என்பதுதான் கணக்கு. எங்கள் விஷயத்தில் எடை ஒன்றுதான் அச்சு என்பதால் பட்டை எல்லைகளைக் கண்டுபிடிக்கப் பரிணாமமெல்லாம் தேவைப்படாது என்று இந்த இழையைப் படித்தபின் புரிகிறது. ஆனால் மாத்திரையையே புதிதாக வடிவமைக்க வேண்டும், ஒவ்வொரு மருந்தும் எத்தனை மி.கி. என்பதும் தேடலில் ஒரு பகுதி, நாலு மருந்துக்கும் நாலு இலக்கு என்று வந்தால் நிலைமை வேறு. குழந்தைகளுக்கு இன்னும் மோசம். சின்ன உடம்பு கிலோ கணக்கில் மருந்தை வேகமாக வெளியேற்றும். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் குழந்தைகளுக்கான ரிஃபாம்பிசினைக் கிலோவுக்கு 15 மி.கி., ஐசோனியசிடை 10 என்று உயர்த்தியது. நாலு மருந்தின் விகிதமும் பெரியவர் மாத்திரையில் உள்ளபடியே இருக்க முடியாது.

ஐசியூ_ஆந்தை

யாரை வைத்து எழுதியது என்று முன்பு கேட்டேன், அதற்குத் திரும்புகிறேன்.

கற்பனை நோயாளிகள் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. கோலின் குழு 2019-ல் வெளியிட்ட வேன்கோமைசின் மாடலில் (மருந்து உடம்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் சமன்பாடுகள்) 14 ஆய்வுகளிலிருந்து 2,500-க்கும் மேற்பட்டவர்களின் தரவு, பிறந்த குழந்தையிலிருந்து முதியவர் வரை. இந்த மருந்துக்கு அது பெரிய தொகுப்பு, மரியாதை உண்டு. ஆனால் என் ஐசியூவில் படுத்திருப்பவர் அந்தத் தொகுப்பில் இருக்கிறாரா?

மூன்று வாரமாக வென்டிலேட்டரில் இருக்கும் 45 கிலோ ஆள். தசையே இல்லை. கிரியாட்டினின் 0.4. காக்கிராஃப்ட்-கால்ட் போட்டால் சிறுநீரகம் இளைஞனுடையது போலத் தெரியும். அந்தச் சூத்திரம் 1976-ல் 249 ஆண்களின் தரவில் பிறந்தது, பெண்களுக்கான 0.85 பெருக்கு பின்னால் ஒட்டவைத்தது. இதைச் சமாளிக்கச் சிலர் 0.4-ஐ 0.8 அல்லது 1.0 என்று உயர்த்திக் கணக்கிடுவார்கள். அட்டவணை ஒரு வழக்கத்தில் தயாராகி, வார்டு வேறு வழக்கத்தில் கணக்கிட்டால், அல்காரிதம் எவ்வளவு சுத்தமாகத் தேடியிருந்தாலும் நோயாளி தப்பான வரிசையில் போய் உட்காருவார். இதன் நேர் எதிரில் தலைக்காயத்தோடு வரும் இளைஞன், கிளியரன்ஸ் 150-க்கு மேல், மருந்து நிற்கவே நிற்காது. டயாலிசிஸ் ஆட்கள் தனிக் கதை.

நிரலன்

இதை எங்கள் பக்கத்தில் இன்னொரு பெயரில் பயப்படுவோம். பரிணாம முறைகள் மாடலில் இருக்கும் எந்த ஓட்டையையும் மோப்பம் பிடித்துவிடும். மாடல் 150 கிலோ ஆட்களின் கிளியரன்ஸைத் தப்பாகக் கணித்தால், அட்டவணை அந்தத் தப்புக்கு அழகாகப் பொருந்தி நிற்கும், மதிப்பெண்ணும் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் முன்னேற்றம் போலவே தெரியும்.

குறைந்தபட்சம் மூன்று சோதனை வேண்டும் என்பேன். தேடலில் பயன்படுத்தாத புதிய கற்பனை நோயாளிகள் மீது ஓட்டிப் பார்ப்பது. வேறொரு குழு, வேறு தரவில் உருவாக்கிய மாடல் மீது ஓட்டிப் பார்ப்பது. அப்புறம், உங்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே அளவு எடுத்த நிஜ நோயாளிகளை எடுத்து, இந்த அட்டவணைப்படி கொடுத்திருந்தால் ஏயூசி என்னவாகியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவது. முதல் சோதனையில் பாஸாகி இரண்டாவதில் கவிழ்கிற அட்டவணையை நம்பவே கூடாது. வேறு தொடக்க எண்களோடு பலமுறை ஓட்டியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு அட்டவணை வந்து, மதிப்பெண் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். சம மதிப்புள்ள பல அட்டவணைகள் இருக்கின்றன, அதில் எளிதானதை எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

நைட்_டூட்டி_சிஸ்டர்

இவ்வளவு நேரம் படித்தேன். மருந்தைக் கரைத்து ஏற்றுகிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

வயல், அதாவது மருந்துக் குப்பி, 500 மி.கி., 1 கிராம் இரண்டில்தான் வரும். 1750 என்று எழுதினால் மூன்றரை வயல், மீதியை என்ன செய்வது என்று ஒருவரும் எழுதுவதில்லை. நிமிடத்துக்கு 10 மி.கி.க்கு மேல் ஓட்டக்கூடாது, ஓட்டினால் முகம் கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கும், பிரஷர் இறங்கும். ஒரு மி.லி.யில் 5 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது. ஆக 1500 மி.கி. என்றால் 300 மி.லி., இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரம் அந்த லைனில் வேறு ஆன்டிபயாட்டிக் ஓட்ட முடியாது. உங்கள் கணினி 8 மணிக்கு ஒரு தடவை 1500 என்று சொன்னால் ஒரு நாளில் ஏழரை மணி நேரம் லைன் போச்சு. பத்துப் படுக்கைக்கு இரண்டு சிஸ்டர் இருக்கிற இரவில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டோஸ்தான் முதலில் தாமதமாகும், பொய் சொல்லவில்லை.

18 மணி, 36 மணி இடைவெளி எல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கும். இன்று காலை ஆறு, இன்று நள்ளிரவு, நாளை மாலை ஆறு என்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். ஒரு டோஸ் விட்டுப்போகும், இல்லையென்றால் இரண்டு தடவை போய்விடும். காலை 6, மாலை 6. இதுதான் நிற்கும்.

மருந்துப்பெட்டி

சிஸ்டர், இந்த இழையிலேயே அதிகம் உபயோகமான பதிவு உங்களுடையது. பழைய முறையில் இதெல்லாம் அட்டவணை தயாரான பிறகு "நடைமுறைச் சிக்கல்" என்று வந்து சேரும், அதற்குள் கமிட்டி கையெழுத்து போட்டிருக்கும். தேடலுக்கு முன்பே சொன்னால் நிபந்தனையாக உள்ளே போய்விடும். இடைவெளிக்கு 12, 24, 48 மட்டும். பராமரிப்பு டோஸ் ஒரு தடவைக்கு 1500-ஐத் தாண்டக்கூடாது. அரை வயல் வீணாவதற்கு ஒரு சின்ன அபராத மதிப்பெண். இப்படிச் சேர்த்துத் தேடினால் ஏயூசி வரம்புக்குள் இருப்பவர்கள் எவ்வளவு குறைகிறார்கள் என்றும் தெரிந்துவிடும். ஒரு சதவீதம்தான் குறைகிறது என்றால் யோசிக்காமல் சிஸ்டர் சொன்ன அட்டவணையை எடுத்துக்கொள்வேன். பத்து குறைந்தால் மருந்து ஏற்ற இன்னொரு பம்ப் வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் போக ஒரு காகிதம் கிடைக்கும்.

டீக்கடை_பெஞ்ச்

கடைசியில் அல்காரிதத்தை வைத்து பம்ப் கேட்கப் போகிறீர்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்.

நெறியாளர்

வீட்டில் இருக்கும் நோயாளிக்கு டோஸ் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே உள்ள எண்கள் விவாதத்துக்கானவை. சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள்.

யாழ்_வைத்தியர்

மருந்துப்பெட்டி, நிபந்தனைகளோடு முதியோருக்கான வரம்பையும் எழுதுங்கள். மொத்தத்தில் 50 சதவீதம் சரி என்று காட்டிவிட்டு, தவறுகிற பேரெல்லாம் 70 வயதைத் தாண்டியவர்களாக இருந்தால் மதிப்பெண்ணில் அது தெரியவே தெரியாது. வயது வாரியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் பிரித்துக் காட்டாத அட்டவணையை எங்கள் குழுவின் முன் நான் வைக்க மாட்டேன்.

ஐசியூ_ஆந்தை

டயாலிசிஸில் இருப்பவர்கள், கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருப்பவர்கள் இருவரையும் அட்டவணைக்கு வெளியே வையுங்கள். அடியில் நட்சத்திரக் குறி போட்டு அல்ல, தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில். கிரியாட்டினினை உயர்த்திக் கணக்கிடுவதா இல்லையா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இவ்வளவும் இருந்தால் மூன்று மாதம் ஆரம்ப டோஸுக்கு மட்டும் பயன்படுத்தி, அளவு எடுத்தவர்களின் ஏயூசியைப் பழைய மூன்று மாதத்தோடு ஒப்பிட எனக்குச் சம்மதம். நெறிமுறைக் குழு அனுமதி வாங்கித்தான்.

கணக்குப்புலி

நிபந்தனைப் பட்டியலை நிரலனும் நானும் ஆளுக்கொரு முறையில் ஓட்டுகிறோம். அவர் ஜெனடிக் அல்காரிதம், நான் முழு எண் நிரலாக்கம். இரண்டு அட்டவணையையும் யாருடையது என்று சொல்லாமல் இங்கே போடுகிறோம், சிஸ்டரே தேர்ந்தெடுக்கட்டும். எடை எதிலிருந்து தொடங்க? 30-ஆ, 35-ஆ?

மருந்துப்பெட்டி

35. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு எங்களைக் கூப்பிடச் சொல்லி ஒரு வரி போட்டுவிடலாம். மேல் வரம்பு 100 கிலோ.

நைட்_டூட்டி_சிஸ்டர்

ஒரே பக்கத்தில் வரட்டும். பின்பக்கம் அச்சடித்தால் சுவரில் ஒட்டிய பிறகு யார் திருப்பிப் பார்ப்பது?